ஹால் கணினியின் இரைச்சலை அடக்குவது எப்படி? மதுரை வெயிலுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மீனாட்சி திருக்கல்யாணத்தன்று காலை எங்கள் வீட்டு ஹால் உறவினர்களால் நிறைந்திருந்தது. கூட்டத்தில் நிற்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று பதினைந்து பேர் இருப்பார்கள். டிவியோடு இணைத்திருந்த கணினியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அம்மனுக்குத் திருமாங்கல்யம் சாற்றும் நேரத்தில் தாங்களும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதற்காக அத்தையும் சித்தியும் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்குள் கணினியின் விசிறி அலறத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று கண்ணாடிக் கதவை நான்தான் இழுத்து மூடியிருந்தேன். முகூர்த்தத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது திரை கறுத்துவிட்டது. கதவைத் திறந்தேன், இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. அத்தை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளே சத்தமில்லாத விசிறி என்று விலை கூடிய ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அதுவும் அலறியது. பல வாரங்கள் அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: அடைத்து வைத்த அலமாரிக்குள் எந்த விசிறியும் கத்தத்தான் செய்யும். குளிர்ந்த காற்று உள்ளே வர ஒரு வழியும், சூடான காற்று திரும்பி வராமல் வெளியேற இன்னொரு வழியும் அமைத்துக் கொடுத்தால், விசிறியை மெதுவாகச் சுழலவிடலாம். மெதுவாகச் சுழலும் விசிறிக்குச் சத்தம் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு வேலையை எந்த வரிசையில், எந்தச் செலவில் செய்வது என்பதுதான். வரிசையை மாற்றாதீர்கள், பணம் செலவாகும் வேலைகளைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் அளவு எடுங்கள்

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வேண்டும். கணினியில் கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினால் கணினியின் மூளையான பிராசசரின் வெப்பநிலை தெரியும். வழக்கமாகப் பார்க்கும் தரத்தில் ஒரு படத்தை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு அறையின் வெப்பநிலை, பிராசசரின் வெப்பநிலை இரண்டையும் எழுதுங்கள். அடுத்து அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதே படத்தை அதே இடத்திலிருந்து மறுபடி அரை மணி நேரம் ஓட்டி எழுதுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய எண், அறையின் வெப்பநிலைக்கும் பிராசசரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். வேலைச் சுமையும் விசிறி வேகமும் மாறாதவரை, அறையைவிட பிராசசர் எத்தனை டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்பது ஏறக்குறைய மாறாது. மார்கழியில் அறை 26 டிகிரி இருக்கும்போது பிராசசர் 62 காட்டினால், சித்திரையில் அறை 36 ஆகும்போது அது 72 காட்டும். மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள ஹால் என்றால் பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவு பத்து மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். எனவே குளிர்காலத்தில் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். இன்டெல் பிராசசர்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கும்போது தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும்.

எங்கள் வீட்டில் அறை 34 டிகிரி. கதவு மூடியிருந்தபோது பிராசசர் 88, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. திறந்தபோது 71. கணினியைத் தொடாமலேயே 17 டிகிரி குறைந்தது. உங்களுக்கும் இப்படி எட்டுப் பத்து டிகிரி குறைந்தால், குறை கணினியில் இல்லை, அலமாரியில் இருக்கிறது.

அலமாரிக்கு மூக்கும் வாயும்

இதுதான் முக்கியமான படி. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

படம் மட்டும் ஓட்டும் ஒரு ஹால் கணினி மொத்தமாக 60 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். அந்த 60 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமானால், நொடிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் காற்று போதும். பத்து லிட்டர் குடம் ஒன்றை நிரப்ப இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும் அளவு, அவ்வளவுதான். 120 மி.மீ. விசிறி ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று என்று காதுக்கே கேட்காத வேகத்தில் ஓடினாலும், தடை இல்லாவிட்டால் இதைவிட அதிகமாகவே தள்ளும். தேவை இவ்வளவு குறைவாக இருந்தும் அலமாரி சூளையாகிறதென்றால், உள்ளே இருக்கும் காற்றையே விசிறி திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது என்று பொருள். ஏற்கெனவே 50 டிகிரி உள்ள காற்றை எவ்வளவு வேகமாக ஊதினாலும் பிராசசர் 50 டிகிரிக்குக் கீழே போகாது.

வயர் போவதற்காகத் தச்சர் பின்பக்கம் போட்டுத் தந்த 5 செ.மீ. வட்டத் துளையின் பரப்பு 20 சதுர செ.மீ. மட்டுமே. அதிலும் பாதியை எச்டிஎம்ஐ, பவர் வயர்கள் அடைத்திருக்கும். 120 மி.மீ. விசிறியின் வாயோ ஏறக்குறைய 110 சதுர செ.மீ. குறைந்தது அந்த அளவு திறப்பு கீழே ஒன்று, மேலே ஒன்று வேண்டும். பிளைவுட் அலமாரி என்றால், முன்பக்க அடிப்பலகையிலோ கதவுக்குக் கீழேயோ 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு நீள வெட்டு. பின்பலகையின் உச்சியில் அதே அளவில் இன்னொன்று. சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. அதன் போக்கிலேயே வழி வையுங்கள். அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால் மேல் திறப்பால் பயனில்லை.

நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் டிவி இருப்பது சுவரோடு கட்டிய கடப்பைக்கல் அலமாரியில். அதன் பின்புறம் சுவர், வெட்ட முடியாது. கல்லில் துளையிட முயல வேண்டாம், விரிசல் விட்டால் மேலிருக்கும் டிவிக்கே ஆபத்து. அங்கே கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டுத் துளையுள்ள தகட்டுக் கதவு போடுவது நல்ல தீர்வு. கண்ணாடிதான் வேண்டும் என்றால், கீழும் மேலும் இரண்டு விரல் அகலம் விட்டுக் கண்ணாடியைச் சிறிதாக வெட்டி வாங்குங்கள். மேல் இடைவெளியை ஒட்டி உட்புறமாக ஒரு 5 வோல்ட் யூஎஸ்பி விசிறியை வெளியே ஊதும்படி வைத்துவிட்டால் போதும். கல் தட்டின் மேல் கணினியை வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு: பிளைவுட்போல் அதிராது.

திறப்புகளுக்கு வலை அவசியம். பல்லியும் கரப்பானும் சூடான இடத்தைத் தேடி வரும். பவர் சப்ளைக்குள் பல்லி போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கொசுவலை போட்டால் திறப்பில் ஒரு பகுதி அடைபடும் என்பதால், ஓட்டையை நான் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வெட்டுங்கள்.

அதே தட்டில் செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் இருந்தால் இடம் மாற்றுங்கள். குறிப்பாக, ஆம்ப்ளிஃபயரின் மேல் கணினியை வைக்கவே வைக்காதீர்கள்.

இப்போது சோதனை. ஹாலில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். கதவை மூடிய நிலையில் கீழ்த் திறப்பருகே பத்தியைப் பிடியுங்கள். புகை நேராக மேலே எழாமல் ஒரு நூலாக வளைந்து உள்ளே போக வேண்டும். அடுத்து மேல் திறப்பருகே பிடியுங்கள். புகை வெளிப்பக்கம் சிதற வேண்டும். நான் முதல் முறை சோதித்தபோது, மேலே வெளியேறிய புகை சுவரில் மோதி, கீழே இறங்கி, வயர் துளை வழியாக மறுபடி உள்ளே நுழைவதைப் பார்த்தேன். அந்தத் துளையைச் சுற்றிப் பழைய துணியைச் செருகி அடைத்ததும் பிராசசர் 4 டிகிரி இறங்கியது. செலவு ஒன்றுமில்லை. சோதனை முடிந்ததும் பத்தியை அணைத்துவிடுங்கள். அந்தப் புகை கணினிக்கு நல்லதல்ல.

தூசி

நம் ஊர்த் தூசி தனியாக வருவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, அடுக்களையிலிருந்து வரும் தாளிப்பு ஆவி, இரண்டும் பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளின்மேல் மெல்லிய பிசுக்காகப் படியும். அதன்மேல் ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதி ஒட்டும். ஆறு மாதத்தில் அது கம்பளித் துண்டுபோல் உரித்தெடுக்கும் கனத்துக்கு வந்துவிடும். நான் எங்கள் கணினியை முதல் முறை திறந்தபோது விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே அப்படி ஒரு பாய் இருந்தது. மறுபக்கம் வெளிச்சமே தெரியவில்லை.

சுத்தம் செய்யுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். மின்தடை நேரம்தானே என்று கை வைக்காதீர்கள்; இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷும் புளோயரும் கொண்டு தூசியை வெளியேற்றுங்கள். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஈரத் துணி வேண்டாம். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

பங்குனிக் கடைசியில் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஒரு முறை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் முன்பக்கப் பலகையில் வைக்கலாம். விசிறியின் கம்பி வலையில் வைக்க வேண்டாம்.

பெட்டிக்குள் காற்றின் திசை

விசிறியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. இறக்கைகள் மறைப்பில்லாமல் திறந்து தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் காற்றை வெளியேற்றும். கணினி சேர்த்துத் தரும் இடத்தில் எல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்பாதீர்கள். எங்கள் பெட்டியில் முன் விசிறியும் பின் விசிறியும் இரண்டுமே வெளியே ஊதிக்கொண்டிருந்தன. ஒரு மெல்லிய காகிதத் துண்டை அருகில் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

முன்பக்கமோ பக்கவாட்டிலோ உள்ள விசிறி உள்ளே இழுக்கட்டும், பின்பக்கமோ மேலேயோ உள்ளது வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று, வெளியேறும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் நல்லது. அப்போது வலை போட்ட திறப்பு வழியாக மட்டுமே காற்று நுழையும், இடுக்குகள் வழியே தூசி உறிஞ்சப்படாது. வயர்களை ஓரமாகக் கட்டி, விசிறியின் முன்னால் ஒன்றும் தொங்காதபடி செய்யுங்கள்.

புது விசிறி வாங்குவதாக இருந்தால் இப்போது வாங்கலாம். பெட்டியில் இடம் இருக்கும்வரை பெரியதே நல்லது: 80 மி.மீ. விசிறியைவிட 120, அதைவிட 140. அதே அளவு காற்றைப் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே தந்துவிடும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று ஏறக்குறைய பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். அதே போன்ற இன்னொரு விசிறியைச் சேர்ப்பதால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே வேகமாக ஓடும் ஒரு விசிறிக்குப் பதில் பாதி வேகத்தில் ஓடும் இரண்டு வைத்தால், காற்று குறையாமலே இரைச்சல் வெகுவாக அடங்கிவிடும். வாங்கும்போது இணைப்பு முனையில் நான்கு பின் உள்ளதாகக் கேளுங்கள்.

பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்துவதற்காக அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ந்திருக்கலாம். பழையதை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் துவரம்பருப்பு அளவு புதியதை வைத்து ஹீட்சிங்க்கை நேராக அழுத்தித் திருகுங்கள். எங்கள் வீட்டில் தூசியும் பேஸ்ட்டும் சேர்ந்து 6 டிகிரியைக் குறைத்தன.

வேகத்தை இறக்குங்கள்

இதுவரை செய்ததெல்லாம் குளிர்ச்சி. அதை அமைதியாக மாற்றும் இடம் இது. பலர் இங்கே வராமலே நின்றுவிடுகிறார்கள். கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் (BIOS) போய் விசிறி அமைப்பைத் தேடுங்கள். நான்கு பின் விசிறிக்கு பிடபிள்யூஎம் (PWM), மூன்று பின் விசிறிக்கு டிசி (DC) என்று தேர்ந்தெடுங்கள். பிறகு வெப்பநிலைக்கு ஏற்ப வேகம் ஏறும் கோட்டை வரையுங்கள். நான் வைத்திருப்பது: 60 டிகிரி வரை நிமிடத்துக்கு 600 சுற்று, 75-ல் 900, 85-ஐத் தாண்டினால் முழு வேகம்.

வேக மாற்றத்துக்குச் சில நொடித் தாமதம் வைக்கும் வசதி பெரும்பாலான பயாஸில் உண்டு. அதைக் கட்டாயம் இயக்குங்கள். ஒரே சீராகக் கேட்கும் சத்தத்தைக் காது சில நிமிடங்களில் மறந்துவிடும். மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. படத்தில் ஒருவர் மெல்லப் பேசும் இடத்தில் விசிறி எழும்புவதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. இரவு சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து பார்க்கும் இடத்திலிருந்தே கேட்டுப் பாருங்கள். இன்னும் சத்தம் வந்தால், நாளிதழ் ஒன்றைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, எது ஒலிக்கிறது என்று தேடுங்கள். கரகரப்பு என்றால் பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டால் சில வாரம் தாங்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

வெப்பத்தையே குறைக்க முடியுமா? முடியும். சுருக்கிச் சேமித்த படத்தை விரித்துக் காட்டும் வேலையை பிராசசர் தானே செய்தால் சுடும். அதற்கென்றே உள்ள கிராபிக்ஸ் பகுதி செய்தால் சுடாது. விஎல்சி (VLC), கோடி (Kodi) ஆகிய படம் ஓட்டும் மென்பொருள்கள் இரண்டிலும் வன்பொருள் விரிப்பு (hardware decoding) என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். 10 பிட் எச்இவிசி (HEVC) என்ற முறையில் சுருக்கிய படங்களுக்குக் குறைந்தது இன்டெல்லின் 7-ஆம் தலைமுறை, ஏவி1 (AV1) முறையில் சுருக்கிய படங்களுக்குக் குறைந்தது 11-ஆம் தலைமுறை பிராசசர் தேவை. புதிதாகவே வாங்குபவர்களுக்கு இன்டெல்லின் 6 வாட் என்100 (N100) பிராசசர் உள்ள சிறு பெட்டி ஒன்றே படம் பார்க்கப் போதும். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால் டர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிடும். படம் ஓட்ட அது தேவையும் இல்லை. விசிறியே இல்லாத பெட்டிகளை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், திறந்த தட்டில் வைக்க இடம் உள்ளவர்களைத் தவிர.

ரீங்காரம்

விசிறியெல்லாம் அடங்கிய பிறகும் எங்கள் அலமாரியில் ஒரு "ம்ம்ம்" கேட்டுக்கொண்டே இருந்தது. மேல்தட்டில் இருந்த பித்தளைக் காமாட்சி விளக்கைக் கையால் பிடித்தால் நின்றது, விட்டால் வந்தது. காரணம் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த அதிர்வைப் பெட்டியின் கால்கள் பிளைவுட் பலகைக்குக் கொடுக்க, பலகை தம்புராக் குடம்போல் ஒலித்தது. பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் டியூபை நான்கு துண்டாக வெட்டி, இரண்டாக மடித்துக் கால்களின் கீழ் வைத்தேன். விளக்கு அடங்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியாக (SSD) மாற்ற முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. படங்கள் அதிகம் என்றால் அதை வேறு அறையில் வைத்து நெட்வொர்க் வழியாக ஓட்டலாம்.

எல்லாம் முடிந்ததும் முதல் நாள் எழுதிய தாளை எடுத்து, அதே படம், அதே அரை மணி நேரம், மூடிய கதவு என்று மறுபடி அளந்து எழுதுங்கள். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பங்குனிச் சுத்தம் முடிந்து, கத்திரி வெயில் தொடங்குமுன் ஒரு வரி சேருங்கள். வித்தியாசம் போன ஆண்டைவிட 5 டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் வலையைக் கழற்றிக் கழுவுங்கள்; கழுவியும் இறங்காவிட்டால் பேஸ்ட்டை மாற்றுங்கள். எங்கள் தாளில் கடைசி வரி, இந்த ஆண்டு திருக்கல்யாணத்துக்கு முந்தைய நாள் எழுதியது: அறை 36, பிராசசர் 67, கதவு மூடியது. அத்தையிடம் அன்றே தொலைபேசியில் சொன்னேன். காலை ஏழு மணிக்கே மஞ்சள் கயிற்றோடு வந்துவிட்டார்.